பூசணம் ரைட்டர் வாங்கிய சூடான பெட்டி

எதையுமே வாங்காமல் கடைக்காரியின் உயிரை மட்டும் வாங்கிய வாடிக்கையாளர் என்று உலகத்தில் யாருக்காவது சிலை வைப்பதாக இருந்தால், ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் பூசணம் ரைட்டருக்குத்தான் வைக்க வேண்டும். வைத்தாலும் நிம்மதி இல்லை. சிலையில் பூசணம் பிடித்திருக்கிறதா என்று தினமும் காலையில் அவரே வந்து மோந்து பார்ப்பார்.

நான் ஒண்டிக்கடையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில்தான். உள்ளே ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, ரயில் டிக்கெட் எடுப்பது, பென்டிரைவில் பாட்டு ஏற்றுவது, செத்துப்போன கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கப் பார்த்துத் தோற்றுப்போவது எல்லாம் உண்டு. இத்தனை வேலைக்கு நடுவில் வாசலில் ஒரு குடை மடங்கும். குடையை மடக்கிய கையோடு மூக்கு உள்ளே வரும். அப்புறம்தான் மனிதர் வருவார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க பிரிண்டருக்குள்ளார பூசணம் ஏறியிருக்குதுங்க. வாடை அடிக்குது."

வணக்கம், சௌக்கியமா, மழை எப்படி, ஒன்றும் கிடையாது. இதுதான் அவருடைய வணக்கம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் இந்த மலையில் ஒருவருக்கும் ஆள் யாரென்று தெரியாது. தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு, மூட்டைக் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோதே முதலாளியின் அறைக்குள் போனால் முதலில் சோபாவை மோந்து பார்ப்பாராம். துக்க வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று, அண்ணாந்து பார்த்து, "மேச்செவுத்துல ஈரம் எறங்குதுங்க, பாத்துக்கோங்க" என்று இறந்தவரின் மகனிடம் சொன்னதை நானே என் காதால் கேட்டேன். அந்தப் பையன் அழுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

மலையில் இருக்கிறவர்களுக்குப் பூசணம் ஒன்றும் அதிசயம் இல்லை. ஐப்பசியில் தோல் செருப்பை நாலு நாள் போடாமல் விட்டால் அது தாடி வளர்த்துக்கொண்டு நிற்கும். பெல்ட்டு, கைப்பை, கல்யாண ஆல்பம், எல்லாம் அப்படித்தான். நாங்கள் துணியால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ரைட்டர் மட்டும் பூசணத்தைப் பங்காளிப் பகை மாதிரி எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் வீடுகளில் துணி பீரோவுக்குள் பல்பு எரியும். சேலத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பீரோவின் முதுகில் ஒரு ஓட்டை போட்டு, ஒயரை உள்ளே விட்டு, அடித்தட்டில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டால் அந்தச் சூட்டில் பட்டுப்புடவை மொறமொறவென்று கிடக்கும். மழைக்காலம் முழுக்க அது அணையக் கூடாது. ரைட்டர் வீட்டு இரும்பு பீரோவில் பல்பு அணைந்து யாரும் பார்த்ததில்லை. சித்திரை வெயிலிலும் எரியும். கேட்டால், "பூசணத்துக்கு காலண்டர் தெரியாதுங்க" என்பார்.

அப்புறம் எல்இடி பல்பு வந்தது. கரண்டு பில் குறைந்தது என்று ஊரே சந்தோஷப்பட்டது. ரைட்டர் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"வெறும் வெளிச்சம் மட்டும் வருதுங்க அம்மிணி. சூடே இல்ல. இதை வெச்சு என்ன பண்றது? பீரோக்குள்ளார சீலை என்ன புஸ்தகமா படிக்கப்போவுது?"

சேலத்துக்குப் போய் எந்தெந்த மூலைக்கடையில் பழைய குண்டு பல்பு தேங்கிக் கிடக்கிறதோ அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்ததாகக் கண்டக்டர் சொல்லிச் சிரித்தார். எத்தனை பல்பு வாங்கினாலும் பல்புக்கு ஆயுசு கம்மிதானே. ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவரை நான் ஒரு சாதாரணக் கிறுக்கர் என்று விட்டிருப்பேன். வெளிநாட்டுக்குப் போன எஸ்டேட் முதலாளி போகிறபோது சும்மா போகாமல் ஒரு வீடியோ கேமராவை ரைட்டர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இந்த மலையில் ஒரு விசேஷம் தப்பவில்லை. காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம், கோயில் திருவிழா, எங்கே போனாலும் ரைட்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். காசு வாங்க மாட்டார் என்பதால் வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. எடுத்த வீடியோவைப் பார்க்க வேண்டுமே! முக்கால்வாசி பனிமூட்டம். நாதஸ்வரம் கேட்கும், மாப்பிள்ளையைக் காணோம். தாலி கட்டுகிற நேரத்தில் யாரோ தும்முவார்கள், யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

விசேஷம் இல்லாத நாளில் அவர் வீட்டு வாசலில் நின்று வெறும் பனியை எடுத்தார். இதை நான் இட்டுக்கட்டவில்லை. வீடியோ நிறைந்த ஹார்ட் டிஸ்க்குகளைச் சரிபார்க்கச் சொல்லி என் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு வேட்டியைக் காயப்போட்டு அதை மணிக்கணக்காகப் படம் எடுத்த மாதிரி திரை முழுக்க வெள்ளை. இப்படி ஒன்று இரண்டு அல்ல, சாயங்காலத்துக்குச் சாயங்காலம், வருஷக்கணக்காக எடுத்து வைத்திருந்தார். என் கடைக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. இருந்தால் வருகிற பிள்ளைகள் பாட்டுப் போடச் சொல்லித் தொல்லை பண்ணும் என்று கழற்றிவிட்டேன். அதனால் சத்தமில்லாத வெள்ளை.

"ஏனுங்கண்ணா, இந்த வெள்ளையை எல்லாம் அழிச்சுட்டா டிஸ்க்குல பாதி எடம் மிச்சமாகுமுங்க" என்றேன்.

மனிதர் முகம் போன போக்கைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். டிஸ்க்கை என் கையிலிருந்து பிடுங்கி, வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, குடையைக்கூட விரிக்காமல் மழையில் போய்விட்டார்.

அந்த டிஸ்க்குகளுக்குப் பூசணம் வந்துவிடும் என்று அடுத்த பயம் பிடித்தது. பல்பு எரியும் பீரோ வீட்டில் ஒன்றுதான். அதில் அவர் மனைவி பாக்கியம் அக்காவின் புடவைகள் இருந்தன. ஒரு நாள் அக்கா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் ரைட்டர் புடவைகளை எடுத்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு, டிஸ்க்குகளைப் பீரோவில் குடியேற்றினார். மழைக்காலம் முடிந்து அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அவர் கல்யாணத்துக் கூரைப்புடவையில் சாம்பல் பூத்திருந்தது.

பாக்கியம் அக்காவை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். நிஜமாகக் கோபம் வந்தால் கத்த மாட்டார், பாத்திரத்தை உருட்ட மாட்டார். அன்றைக்கும் கத்தவில்லை. ஒரு பையில் நாலு மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்று சொன்னதை அந்தத் தெருவே கேட்டது.

"டிஸ்க்குக்கு ஒரு ஊட்டைப் பாத்து வெச்சுப்போட்டு, என்ற பீரோவை என்ற கையில குடுங்க. அன்னைக்கு வாரேன்."

வாழவந்தியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். சமாதானம் பேச ரைட்டர் பின்னாலேயே பஸ் பிடித்துப் போனார். மச்சினன் மரியாதையாக நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அக்காவைக் கூப்பிட உள்ளே போயிருக்கிறார். அந்த நேரத்தில் இந்த மனிதர் எழுந்து போய் மச்சினன் புதிதாகக் கட்டிய வீட்டுச் சுவரை மோந்து பார்த்து, "கொத்தனார் ஏமாத்திப்போட்டானுங்க மாப்பள, ஆறு மாசத்துல பூத்துரும்" என்றிருக்கிறார். டீ பாதியில் நின்றது. அக்கா அறைக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. இனிமேல் அந்தப் பக்கம் தலைகாட்டவும் முடியாது.

ஆக, பொண்டாட்டி வீடு திரும்ப வேண்டுமானால் டிஸ்க்குகள் எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கி, பீரோ காலியாக வேண்டும். அதற்கு என்ன வழி என்று என்னிடம் வந்து நின்றார். அன்றைக்குக் கடைக்கு லீவு விட்டிருக்கக் கூடாதா நான்?

புத்தி கெட்டுப்போய் விளக்கமாகச் சொன்னேன். நாஸ் என்று ஒரு பெட்டி வருகிறது. உள்ளே பெரிய டிஸ்க்கைப் போட்டு, வீட்டு வைஃபை மோடத்தோடு ஒரு ஒயரில் மாட்டிவிட்டால், அதில் இருக்கிற படம், பாட்டு, வீடியோ எல்லாம் டிவியிலும் போனிலும் வரும். கை நிறைய டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு எது எதில் இருக்கிறது என்று தேட வேண்டாம். பென்ஷனுக்குத் தகுந்த விலையிலும் கிடைக்கிறது. வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது.

முடிந்ததா? எனக்குச் சனி தொடங்கியது அன்றைக்குத்தான்.

"ஒத்தை ரூம் ஊடு வேணுங்களா, ரெட்டை ரூம் ஊடு வேணுங்களா?" ஒரு டிஸ்க் போடுகிற பெட்டி ஒற்றை ரூம் வீடு, இரண்டு போடுகிறது இரட்டை ரூம் வீடு. அது அவரே வைத்த பெயர்.

"ரெட்டை ரூம் வாங்குங்கண்ணா. ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே விஷயத்தை எழுதிக்கும். ஒண்ணு கெட்டுப்போனாலும் இன்னொண்ணு இருக்கும்."

"நாலு டெரா டிஸ்க்கு ரெண்டு போட்டா எட்டுங்களே?"

"இல்லீங்க. நாலுதான்."

"மீதி நாலு?"

"அது காவலுக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மிணி, நான் மூட்டைக் கணக்கு எழுதி முடி நரைச்சவன். ரெண்டு மூட்டை உள்ள போச்சுது, ரைட்டர் ஒரு மூட்டைன்னு எழுதுறான்னா அவனை எஸ்டேட்டுல என்ன பண்ணுவாங்க தெரியுமுங்களா?"

இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லியே எனக்கு ஒரு கோடைக்காலம் போனது. நான் அந்தப் பெட்டிக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து பாதி டிஸ்க்கைத் திருடுகிறேன் என்று பக்கத்துப் பேக்கரியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தினமும் என் கடைக்குத்தான் வந்தார். என் ஸ்டூல், என் ஃபேன், என் கம்ப்யூட்டர். யூடியூபில் பெட்டிகளைப் பற்றிப் பேசும் ஆட்களை எல்லாம் வரிசையாகப் பார்ப்பார். ஸ்பீக்கர் இல்லாததால் என் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, "பொய்யி, பொய்யி" என்று உரக்கக் கத்துவார். விண்ணப்பம் போட வந்த ஒரு பெண் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து எழுந்து போய்விட்டாள். விலை குறையும் என்று தீபாவளிக்குக் காத்திருந்தார். தீபாவளிக்குக் குறைந்தது. பொங்கலுக்கு இன்னும் குறையும் என்றார். பொங்கலுக்கு ஏறிவிட்டது. அப்போதும் அவருக்கு என் மேல்தான் கோபம்.

"வாங்கித் தொலைங்கண்ணா. அக்கா தம்பி ஊட்டுல எத்தனை நாளைக்கு இருப்பாங்க?"

"அவசரப்பட்டு வாங்கிப்போட்டு அதுவும் கெட்டுப்போச்சுன்னா, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மறுக்கா கூப்பிடறதுங்க?"

அவர் அப்படிச் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. அதற்குள் கண்ணாடி ஷோகேஸை மோந்து பார்க்கப் போய்விட்டார். எனக்கு வந்த இரக்கமும் போய்விட்டது.

அந்த வருஷம் ஆடி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது ரைட்டர் தலையில் துண்டு போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். கையில் ஒரு குண்டு பல்பு. உள்ளே கம்பி அறுந்து தொங்கியது.

"கடைசிப் பல்புங்க."

சேலத்தில் எங்கும் இல்லை. எல்லாக் கடையிலும் கேட்டுவிட்டார். பீரோ இருட்டாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் போனால் டிஸ்க்குகள் பூத்துவிடும் என்று நடுங்கினார். பூக்காது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த என் கடைக் கம்ப்யூட்டரின் மேல் அந்தப் பல்பை வைத்துவிட்டு வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு கம்ப்யூட்டரின் முதுகில் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"ஏனுங்க அம்மிணி. இது சூடா இருக்குதுங்களே."

"ஓடுனா சூடாகும்."

"அந்த நாஸ் பொட்டியும் ராப்பகலா ஓடுமுங்களா?"

"ஓடும்."

அப்போது அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து ஒற்றை ரூம், இரட்டை ரூம், விலை, வேகம் எல்லாம் போச்சு. ஒரே ஒரு கேள்விதான். எந்தப் பெட்டி அதிகமாகச் சூடாகும்?

உலகமே சூடாகாத பெட்டியைத் தேடுகிறது. கம்பெனிக்காரர்கள் எங்கள் பெட்டி குளுகுளுவென்று இருக்கும் என்று விளம்பரம் போடுகிறார்கள். இவர் அதை எல்லாம் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஆன்லைன் கடையின் உதவி எண்ணுக்கு என் போனிலிருந்தே பேசினார். அந்தப் பக்கம் ஒரு பையன், பாவம், எந்த ஊர்ப் பிள்ளையோ.

"சார், இந்த மாடல் சூடாகவே ஆகாது சார். பெரிய ஃபேன் இருக்கு."

"அந்த ஃபேனைக் கழட்டிப்போட்டு அனுப்ப முடியுமுங்களா சாமி?"

பையன் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவன் போனவன்தான்.

நான் அவர் பேச்சைக் கேட்காமல், நல்லபடியாக ஓடுகிற ஒரு பெட்டியைப் பார்த்து ஆர்டர் போட்டேன். வந்தது. மாட்டிக் காட்டினேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையை வைத்துப் பார்த்தார். "பச்சத்தண்ணியாட்டம் இருக்குதுங்க. இதுல உசுரே இல்ல" என்றார். திருப்பி அனுப்பியாகிவிட்டது. மலையேறி வந்த கூரியர்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

கடைசியில் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். இருப்பதிலேயே மலிவு. வாங்கினவர்கள் எல்லோரும் கீழே திட்டி எழுதியிருந்தார்கள். ஒருவர் இது பெட்டியா இஸ்திரிப் பெட்டியா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் தோசை ஊற்றலாம் என்று எழுதியிருந்தார். ரைட்டர் ஒவ்வொன்றையும் என்னை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். கல்யாணப் பத்திரிகை படிக்கிறபோதுகூட அந்த முகத்தில் அத்தனை திருப்தி இருந்திருக்காது.

"இதுதானுங்க. போடுங்க ஆர்டரை."

"டிஸ்க்கு வெந்து போகுமுங்கண்ணா."

"ரெட்டை ரூமுங்க. ஒண்ணு வெந்தா இன்னொண்ணு இருக்குதுல்ல. நீங்கதான சொன்னீங்க?"

ஒரு கோடைக்காலம் முழுக்க நான் சொன்னபோது புரியாதது அன்றைக்குப் புரிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஆர்டரைப் போட்டேன்.

பெட்டி வந்தது. அவர் வீட்டுக்குப் போய், பழைய டிஸ்க்குகளில் இருந்ததை எல்லாம் அதில் ஏற்றி, பீரோவின் அடித்தட்டில், பல்பு இருந்த இடத்தில் வைத்தேன். வைஃபை மோடத்தை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, பல்பு ஒயர் போன ஓட்டை வழியாக ஒயரை விட்டு, அதைச் சுவரோரம் அடிக்க நான் ஆணி தேடிக்கொண்டிருந்தேன். ரைட்டர் மோடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுவும் கொஞ்சம் சூடு குடுக்குதுங்களே. வெளிய எதுக்கு வீணா?"

அதையும் தூக்கிப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். இரும்பு பீரோ! கதவைச் சாத்தினால் வைஃபை செத்தது. டிவியில் ஒன்றும் வராது. கதவைத் திறந்தால் வீடியோ வரும், ஈரமும் உள்ளே போகும். தலையில் அடித்துக்கொண்டு எடுத்துச் சொன்னேன். மனிதர் அசையவில்லை. சாத்தி வைத்தால் புடவைக்கு நல்லது, திறந்து வைத்தால் வீடியோவுக்கு நல்லது, நேரம் பார்த்துத் திறந்துகொள்ளலாம் என்றார். எந்த நேரம் என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்குள் பீரோவுக்குள்ளிருந்து கீ கீ என்று ஒரு சத்தம். சூடு தாங்காமல் பெட்டி அலறியது.

"பாத்தீங்களா? அதுவே சொல்லுது" என்று கதவைத் திறந்தார்.

இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? இந்தப் பெட்டி ஒரு மாதம்கூட தாங்காது என்று வாய்விட்டுச் சாபம் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் ரைட்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஒரு மூட்டை. அதன் மேல் ஒரு கம்பளி. அதற்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் பை.

"அம்மிணி, வாழவந்தி பஸ் நிக்குது. சூடு ஆறதுக்குள்ள கொண்டு போய்க் குடுத்துருங்க."

பாக்கியம் அக்காவின் கூரைப்புடவை. சேலத்தில் சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கி, பீரோவில் அந்தப் பெட்டிக்கு மேலே இருக்கும் தட்டில் வைத்து எடுத்திருக்கிறார். அவர் போக முடியாது, மச்சினன் வீட்டுச் சுவர் விவகாரம் இருக்கிறது. கடையைச் சாத்த முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மனிதர் கையைக் கூப்பிவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என் முன்னால் எதையும் மோந்து பார்க்காமல் நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மழையில், ஜன்னல் மூடாத பஸ்ஸில், மடியில் வெதுவெதுப்பான பட்டுப்புடவையை வைத்துக்கொண்டு போன ஒரே ஜெராக்ஸ் கடைக்காரி நானாகத்தான் இருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இட்டிலி என்று நினைத்து என்ன சட்னி என்று கேட்டார்.

பாக்கியம் அக்கா மூட்டையைப் பிரித்தார். புடவையை எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்தார். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்ததில் அவருக்கும் அது தொற்றியிருக்கிறது. கொஞ்ச நேரம் புடவைக்குள்ளிருந்து முகமே வெளியே வரவில்லை.

"இன்னும் சூடு இருக்குது" என்றார்.

"ஆமாங்கக்கா. பஸ் சீக்கிரம் வந்துருச்சு."

"மனுசன் என்ன சாப்படறாரு?"

"பேக்கரி பன்னு."

அதற்கப்புறம் அக்கா பையை எடுக்க உள்ளே போனார். நாங்கள் ஒரே பஸ்ஸில் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகப் பீரோவிடம் போய், தட்டுத் தட்டாகக் கையை விட்டுப் பார்த்தார். மேல் தட்டுகள் எல்லாம் காலி, அவருக்காக. அடியில் மட்டும் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கிடந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்துப் பெட்டி அலறியது. ரைட்டர் ஓடிப்போய்க் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு டிவியைப் போட்டார்.

"இத்தனை பாடுபட்டு என்னதான் வெச்சிருக்கறீங்க? போடுங்க பாக்கலாம்" என்றார் அக்கா.

திருவிழாவைப் போடுவார், கல்யாணத்தைப் போடுவார் என்று பார்த்தேன். மனிதர் பனியைப் போட்டார். டிவி முழுக்க வெள்ளை. போச்சு, அக்கா அடுத்த பஸ்ஸில் திரும்பி வாழவந்திக்குப் போகப் போகிறார் என்று நான் வாசலைப் பார்த்தேன்.

அப்போது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க! அந்தப் பனியில நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? காதுல துணியைக் கட்டுங்க. சளி புடிச்சா நான்தான் கசாயம் காச்சோணும்."

பாக்கியம் அக்காவின் குரல். கேமராவுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து. குக்கர் விசில் அடித்தது. பனி நகர்ந்தது. அடுத்த வீடியோவிலும் பனி. "சோறு ஆறுது, வாரீங்களா இல்லியா?" அதற்கடுத்ததில், "அந்தக் கெரகத்தை எறக்கி வெச்சுப்போட்டு உள்ள வாங்கன்னா." ஒவ்வொரு சாயங்காலமும் அந்த மனிதர் வாசலில் போய்ப் பனிக்கு நேராகக் கேமராவைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து திட்டு வருகிறவரைக்கும் நின்றிருக்கிறார். திட்டு விழுந்ததும் கேமராவை அணைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். ஸ்பீக்கர் இல்லாத என் கடையில் நான் பார்த்தது வெறும் வெள்ளை.

பொண்டாட்டியின் குரலைக் காப்பாற்றுவதற்காகப் பொண்டாட்டியையே வீட்டை விட்டு ஓட்டிய மகானை நீங்கள் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அக்கா டிவியைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார்.

"நான் திட்டறதையா இத்தனை வருசமாப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தீங்க?"

ரைட்டர் டிவியைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார். "படம் தெளிவா இல்லதான் புள்ள. சத்தம் நல்லா விழுந்திருக்குது."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிய அவர் அரிசி ஊறப்போடுகிற சத்தம் கேட்டது. நான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

என் சாபம் பலிக்கவில்லை. அந்தப் பெட்டி இன்னும் வேகவில்லை. ரைட்டரும் மாறவில்லை. நேற்றுக்கூடக் கடைக்கு வந்து, என் ரூபாய் நோட்டுப் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார். ஏற்காட்டில் இவரை மாதிரி இன்னொருவர் இருந்தால் நான் கடையை இழுத்து மூடிவிட்டுச் சேலத்துக்கு இறங்கிவிடுவேன்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போக எனக்கு நேர் வழி ஒன்று இருக்கிறது. நான் அதில் போவதில்லை. ரைட்டர் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். பீரோ திறந்திருந்தால் உள்ளே பாக்கியம் அக்கா ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து திட்டுவது ரோடு வரைக்கும் கேட்கும், டிவியிலிருந்து ஒன்று, சமையலறையிலிருந்து ஒன்று. பனியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று இரண்டு குரலும் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு அங்கிருந்து கால் நகர்கிறது.